ரொசீயோ முரசடித்த படகு

ஹாம்பர்க்குக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் ரொசீயோ செவாயோஸ் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம்கூட ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை தடுமாறுவதற்குள் எதிரே இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், படகுத்துறையில் எல்லா இடத்திலும் இதே கதைதான். அவளும் நிம்மதியாக ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வாள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த நிம்மதியை நினைத்துத்தான் எரிச்சல் வரும்.

ஈக்குவடாரில் குவயாகில் அவளுடைய ஊர். அதுவும் ஆற்றங்கரைத் துறைமுகம்தான். கப்பலில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது, எதன்மேல் எதை ஏற்றினால் கப்பல் சாயாது என்று திட்டம் போடுவது அவள் வேலை. அவள் திட்டம் போட்டு அனுப்பிய வாழைப்பழக் கப்பல்கள் வருடக்கணக்காக ஹாம்பர்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் நிறுவனம் அவளையே அனுப்பிவைத்தது. நல்ல சம்பளம், அல்டோனா பகுதியில் மூன்றாவது மாடியில் வெளிச்சமான வீடு. ஊரும் அவளுக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் பத்து நாட்டு ஆட்கள் இருந்ததால் எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். மழையைக்கூட அவள் பழகிக்கொண்டாள். பழக முடியாமல் போனது தன்னுடைய மௌனத்தைத்தான். குவயாகிலில் அவள் வாயைத் திறந்தால் வானொலியை அணைத்துவிடலாம் என்று அத்தைமார் கேலி பேசுவார்கள். இங்கே அவள் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போகும் பெண்ணாகிவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்கும் ஒருநாள் அடி விழுந்தது. மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடி ஹார்ம்ஸ் அம்மாள் கதவருகே நின்று விருந்தாளி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். ரொசீயோவைப் பார்த்ததும் இருவரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அவள் அவர்களைத் தாண்டி நாலு படி ஏறுவதற்குள் ஹார்ம்ஸ் அம்மாள் குரலைத் தாழ்த்தக்கூட இல்லாமல் பேச்சைத் தொடர்ந்தாள்.

"மேல் மாடில இருக்கு இந்தப் பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனா ஒண்ணும் புரியாது, ஒண்ணும் பேசாது. சிரிக்கும், அவ்ளோதான்."

"பாவம்" என்றாள் விருந்தாளி.

ஒவ்வொரு வார்த்தையும் ரொசீயோவுக்குப் புரிந்தது. திரும்பி நின்று பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வினைச்சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் கீழே கதவு சாத்தப்பட்டுவிட்டது. பையை அடுக்களையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அந்தப் பதிலை உரக்கச் சொன்னாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த வாரமே மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். அங்கேதான் மெஹ்ர்நாஸ் பழக்கமானாள். ஈரானில் பல் மருத்துவராக இருந்தவள், இங்கே தொழில் உரிமத்துக்காகக் காத்திருந்தாள். வாயில் நிற்காமல் சொல் வரும். பாதி தப்பு, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. யாவ் அம்போஃபோ என்ற கானா நாட்டு இளைஞனும் அந்த வகுப்பில் இருந்தான். மருத்துவமனையில் செவிலியர் வேலை. மே மாதம் துறைமுகத் திருவிழாவில் நடக்கும் டிராகன் படகுப் போட்டியில் நம் வகுப்பே ஒரு படகு இறக்கினால் என்ன என்று ஆரம்பித்தவன் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் படகுக்கும் பயிற்சியாளருக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சியாளர் டோர்பன் லூயர்ஸ், ஐம்பது வயது, கப்பல் பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை. பேச்சும் அந்தக் கம்பி மாதிரிதான். படகுக் கொட்டகையில் முதல்நாள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். ஃபார்சியும் அரபியும் போர்ச்சுகீசும் கலந்து கேட்ட இரைச்சலைக் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"படகுல ஒரே மொழிதான். ஜெர்மன். இங்கிலீஷ் பேசுறவங்க நீந்திக் கரைக்கு வரலாம்."

ரொசீயோ துடுப்புப் போடத்தான் வந்திருந்தாள். டோர்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கூட்டத்திலேயே எடை குறைந்தவள் அவள்தான். "நீங்க முன்னாடி. முரசு" என்றார்.

முரசுக்காரிக்குப் படகின் மூக்கில், எல்லோரையும் பார்த்தபடி உயரமான பலகையில் இடம். பின்கோடியில் டோர்பன் சுக்கான் பிடித்து நிற்பார். இடையில் இருபது பேர் துடுப்போடு. முரசின் தாளத்துக்குத்தான் துடுப்புகள் விழ வேண்டும். எப்போது வேகம், எப்போது நிதானம் என்று கத்திச் சொல்ல வேண்டியதும் முரசுக்காரிதான்.

முதல் பயிற்சியில் அவள் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்குத் துடுப்பைப் போட்டார்கள். துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொண்டன. படகு பக்கவாட்டில் நகர்ந்து கரையோரப் புதரில் போய்ச் செருகிக்கொண்டது. ஒரு வாத்து மிகவும் கோபப்பட்டது. ரொசீயோ எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அது மட்டும் பின்கோடிவரை கேட்டிருக்க வேண்டும்.

"மன்னிப்புக் கேட்டா படகு நகராது" என்றார் டோர்பன்.

திரும்பும் வழியில் ரயிலில் மெஹ்ர்நாஸிடம், வேறு யாரையாவது உட்கார வையுங்கள், என்னால் முடியாது என்றாள். மெஹ்ர்நாஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க ஊர்ல பஸ்ஸை நிறுத்தணும்னா எப்படிக் கூப்பிடுவே?"

"கத்துவேன்."

"இங்கயும் கத்துடி. மொழிதானே வேற. தொண்டை உன்னோடதுதானே."

கத்திப் பழக ஓர் இடம் வேண்டுமே. வீட்டில் கத்தினால் ஹார்ம்ஸ் அம்மாள் போலீஸைக் கூப்பிடுவாள். பூங்காவில் வெட்கம். ரொசீயோவுக்கு எல்பே ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆள் நடமாட்டம் அதிகம் இருக்காது. மின்தூக்கியில் இறங்கி, வெள்ளை ஓடு பதித்த நீளமான குழாய்க்குள் பாதி தூரம் நடந்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மூச்சை இழுத்தாள்.

"தயவுசெய்து இப்பொழுது அனைவரும் சேர்ந்து இழுங்கள்."

சுவர்கள் அதை நாலைந்து முறை திருப்பிச் சொல்லின. நன்றாகத்தான் இருந்தது. மறுபடி கத்தினாள். மூன்றாவது தடவை, பின்னால் ஒரு சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டைக்காரர் ஒருவர், அக்கரைக் கப்பல் பட்டறையில் இரவு வேலை முடிந்து வீடு திரும்புபவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

ரொசீயோ பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவர் கையை விரித்தார். "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. பள்ளிக்கூடத்துலயே வரல."

வேறு வழியில்லை. அவள் ஜெர்மனில் சொன்னாள். படகு, போட்டி, முரசு, புதர், வாத்து எல்லாவற்றையும் சொன்னாள். வினைச்சொற்கள் இஷ்டம்போல இடம் மாறி விழுந்தன. அவர் குறுக்கிடவே இல்லை. வாத்து வந்த இடத்தில் சிரித்தார். அவள் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே உறைத்தது: இந்த ஊரில் ஒரு கதையைத் தொடங்கி முடிவுவரை சொல்லியிருக்கிறோம், ஒருவர் நின்று கேட்டிருக்கிறார்.

"எல்லாம் சரி. 'தயவுசெய்து அனைவரும்'னு நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மத்த படகெல்லாம் கரைக்குப் போய்ச் சாப்பிட உக்காந்திருக்கும். படகுக்காரங்ககிட்ட யாராவது கெஞ்சுவாங்களா? இழு. அவ்ளோதான்."

"இழு" என்றாள் ரொசீயோ.

"வயித்துலேர்ந்து."

"இழு."

அந்தக் குரல் சுரங்கத்தின் இரு முனைக்கும் போய் முட்டித் திரும்பியது. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு மிதித்துக் கிளம்பினார். வெகுதூரம் வரைக்கும் "இழு, இழு" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு போனது கேட்டது.

அடுத்த பயிற்சியில் முதல் "இழு" விழுந்ததும் முன்வரிசையில் இருந்த யாவ் துள்ளி விழுந்தான். பின்கோடியில் டோர்பன் சுக்கானை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இருபது துடுப்பும் ஒன்றாக இறங்கின. படகு முதல்முறையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் அவளுக்குப் பயம் வரவில்லை. பிழையாகக் கத்தினாலும் படகு நேராகப் போகிறது என்பதைக் கண்டுகொண்டாள். வாரம் இரண்டு மாலை, மழையோ காற்றோ, எல்லோரும் வந்தார்கள். உள்ளங்கைகள் காய்ப்புக் காய்த்தன. ஒரு மாலை படகைக் கொட்டகைக்குள் தூக்கி வைத்த பிறகு டோர்பன் அவளிடம் வந்து கையை நீட்டினார்.

"நான் டோர்பன். இனிமே நீ என்னை 'நீ'ன்னே சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

பக்கத்து மேஜைக்காரரைப் பத்து வருடம் 'நீங்க' என்று கூப்பிடுகிற ஊர் அது. ரொசீயோ அந்தக் கையைச் சற்று நேரம் விடவில்லை.

திருவிழா நாள் குளிரும் வெயிலுமாக விடிந்தது. துறைமுகக் கரை முழுக்க ஜனம். மீன் வறுபடும் வாசனை, பாய்மரக் கப்பல்களின் ஊதல், குழந்தைகளின் கூச்சல். பழைய படகுத்துறைக்குள் போட்டிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். முந்தைய மூன்று வருடமும் கோப்பையைத் தூக்கியவர்கள் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவர்களின் குழு. ஒவ்வொருவனும் கதவு அகலம். அவர்களுடைய முரசுக்காரன், சிவந்த தாடிக்காரன், ரொசீயோ குழுவின் சட்டையில் இருந்த 'மாலை வகுப்பு' என்ற எழுத்தை உரக்கப் படித்தான்.

"வீட்டுப்பாடம் முடிச்சிட்டீங்களா பசங்களா?"

அவன் ஆட்கள் சிரித்தார்கள். ரொசீயோ திரும்பி நின்றாள். யோசிக்கவில்லை.

"முடிச்சாச்சு. உங்களோடதைத் திருத்தத்தான் வந்திருக்கோம்."

 அவன் ஆட்கள் முதலில் சிரித்ததைவிடப் பெரிதாக, இந்தத் தடவை அவனைப் பார்த்து, சிரித்தார்கள். தாடிக்காரனும் சேர்ந்துகொண்டான்.

முதல் சுற்றில் மயிரிழையில் இரண்டாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். அதுவே பெரிய காரியம், தோற்றாலும் பரவாயில்லை என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். யாவ் கேட்கவில்லை. "அக்கா, நான் இன்னிக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். சும்மா திரும்பிப் போக மாட்டேன்" என்றான்.

இறுதிச் சுற்றில் நான்கு படகுகள். துப்பாக்கி வெடித்ததும் பளுதூக்கிக்காரர்கள் பாய்ந்தார்கள். அரைப் படகு நீளம் முன்னே. ரொசீயோ முரசை அறைந்தாள். அவளுக்கு முன்னால் இருபது முகங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல். பாதி தூரத்தில், துறைவாசலுக்கு வெளியே போன பெரிய சுற்றுலாக் கப்பலின் அலை உள்ளே புரண்டு வந்தது. எல்லாப் படகும் ஆடின. ரொசீயோவின் பலகை பக்கவாட்டில் சரிந்தது. விழாமலிருக்க அவள் முரசின் விளிம்பைப் பிடித்தாள். முரசுக்கோல் கையைவிட்டு நழுவித் தண்ணீரில் போய்விட்டது.

தாளம் நின்றது. துடுப்புகள் தயங்கின. பின்கோடியில் டோர்பனின் முகம் வெளுத்தது.

ரொசீயோ இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வயிற்றிலிருந்து கத்தினாள்.

"இழு. இழு. யாவ், தூங்குறியா? இழு. மெஹ்ர்நாஸ், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குற மாதிரி இழு. பின்வரிசை, உங்களைத்தான், கோல் போனா என்ன, நான் இங்கதான் இருக்கேன். இழு."

என்ன மொழியில் கத்துகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வினைச்சொல் எங்கே விழுந்தது என்று யார் கண்டது. இருபது துடுப்பும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து விழுந்தன. பக்கத்துப் படகில் அலையில் குலைந்த தாளம் இன்னும் சேரவில்லை. தாடிக்காரன் முரசை இடித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் அவளுக்கு நேரே வந்தது, பிறகு பின்னால் போனது. ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் பின்னால் போனது. கரையில் ஜனம் பெயர் தெரியாமல் "வகுப்பு, வகுப்பு" என்று கத்தியது. முடிவுக் கோட்டில் கொம்பு ஊதியது.

யாரும் உடனே நம்பவில்லை. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். ஒலிபெருக்கியில் முதலிடம் மாலை வகுப்பு என்று சொன்னபோது யாவ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மெஹ்ர்நாஸ் ஃபார்சியில் எதையோ வானத்தைப் பார்த்துச் சொன்னாள். வேறு மொழி பேசியதற்காக டோர்பன் அவளை நீந்திக் கரைக்கு வரச் சொல்லவில்லை.  தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

கரை சேர்ந்ததும் தாடிக்காரன் வந்து ரொசீயோவின் கையைக் குலுக்கினான். அடுத்த வருடம் தன் படகுக்கு வந்துவிடுகிறாயா என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் யாவ் அவள் தோளைப் பிடித்தான், மெஹ்ர்நாஸ் ஒரு காலை, இன்னும் யார் யாரோ மறு காலை. ஜெயித்த படகின் முரசுக்காரியை ஆற்றில் போடுவது அந்த ஊர் வழக்கம் என்று டோர்பன் நிதானமாக விளக்கினார். அவள் திமிறினாள். தன்னை எறியப்போகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினாள். ஒன்று, இரண்டு என்று ஆட்டி, மூன்றில் விட்டார்கள்.

மே மாதத்து எல்பே தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. அவள் மேலே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். படித்துறை முழுக்கத் தெரிந்த முகங்கள் குனிந்து கை நீட்டிக்கொண்டிருந்தன. எந்தக் கையையும் அவள் உடனே பிடிக்கவில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்து, துறைமுகத்தின் நடுவே சிரித்துக்கொண்டு மிதந்தாள்.