லோகநாதனின் உரிமம் புதுப்பிக்கப்பட்ட விதம்

அந்த ஊரில் ஆர்க்கிடெக்டுகளின் உரிமம் பத்து வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும். அதைப் புதுப்பிக்க, தான் வரைந்த கட்டிடங்களில் மூன்றிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். வெள்ளைத்தாளைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் ஈரம் ஊறி எழுத்து தெரியும். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்கள்.

லோகநாதன் பத்து வருடத்தில் வரைந்து, கட்டி முடிக்கப்பட்டவை சரியாக மூன்று. வரைந்ததோடு நின்றுபோனவை நூற்று நாற்பது. அவற்றிடம் சான்றிதழ் வாங்கலாமா என்று அலுவலகத்தில் விசாரித்தான். அவற்றுக்குச் சுவர் கிடையாதே என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான் என்று அவனுக்கும் பட்டது.

உரிமம் போனால் எங்கே போவது என்பதில் குழப்பமே இல்லை. மனைவி வளர்மதியின் அண்ணன் பழனிவேல் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவனுக்கென்று கடையின் பெயர் போட்ட நீலச் சட்டையை அவர் முன்கூட்டியே தைத்தும் வைத்திருந்தார். போட்டுப் பார்த்ததில் அளவு கச்சிதமாக இருந்தது. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவனுக்கு அந்தக் கச்சிதம்தான் பொறுக்கவில்லை; உடனே கழற்றிவிட்டான்.

முதலில் ஆசிரியர் காலனி வீட்டுக்குப் போனான். இளம்பச்சை வீடு. வாஸ்துக்காரர் சொன்னதன் பேரில் அவனுடைய வரைபடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுக் கட்டிய வீடு அது.

"யாருங்க நீங்க?" என்றது வீடு.

"உங்கள வரைஞ்சது நானுங்க."

"என்னை உண்டாக்குனது ராசு மேஸ்திரிங்க. நீங்க ஒரு பெரிய காகிதம் கொண்டாந்து குடுத்தீங்க, அது ஞாபகம் இருக்குது. அத விரிச்சுத்தான் எல்லாரும் மத்தியானச் சோறு தின்னாங்க."

"சரியா இருந்துதுங்களா?"

"ஏழு பேருக்குப் பத்துச்சுங்க."

தாளைச் சுவரில் வைத்தான். கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தான். 'ராசு மேஸ்திரி நல்லவர்' என்று தெளிவாக எழுத்து வந்தது. நன்றி சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

இரண்டாவது வீடு அவனைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொண்டது. அந்த மட்டும் நல்லது என்று நினைத்தான். நினைத்திருக்க வேண்டாம்.

"வாங்க இன்ஜினியர்" என்றது.

"ஆர்க்கிடெக்டுங்க."

"இருக்கட்டுங்க. மாடியில ஒரு பால்கனி வெச்சீங்களே, அதுக்குக் கதவு எங்கீங்க?"

கட்டும்போது, கதவு வாஸ்துவுக்கு ஆகாத கன்னிமூலையில் வருகிறது என்று வீட்டுக்காரரின் மாமனார் எடுக்கச் சொன்னார். கதவை எடுத்துவிட்டான். பால்கனியை எடுக்க மனசு வரவில்லை. ஏனென்றால் அதை வைத்துத்தான் முகப்பையே வரைந்திருந்தான்.

"அது எலிவேஷனுக்காகங்க" என்றான்.

"ஆறு வருசமா ஒரு மனுசங்கூட அதுல நின்னதில்லீங்க. ஒரு பூனை வரும். அதுவும் இப்ப வர்றதில்லை. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

தாளை எடுக்கவேயில்லை. முகப்பு மட்டும் இப்போதும் அழகாகத்தான் இருந்தது என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் புத்தி போகவே இல்லை.

மூன்றாவது, நூல்மில் வாசலில் இருக்கும் காவலாளி அறை. ஆறடிக்கு ஆறடி. அதைத் தன் தொழிலில் சேர்த்துச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடமும் மறைத்தே வைத்திருந்தான். தாளை வைத்த மாத்திரத்தில் எழுத்து வந்தது: 'சன்னலை உட்கார்ந்தால் ரோடு தெரிகிற உயரத்தில் வைத்தார். முருகேசனுக்கு இடுப்பு வலி. அதைக் கேட்டுக்கொண்டு வைத்தார்.'

லோகநாதனுக்கு அழுகை வந்தது. காவலாளி முருகேசன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்ள, அவன் உட்கார்ந்து அழுதான். உட்கார்ந்தபடியே ரோடு நன்றாகத் தெரிந்தது.

பதிவு அலுவலகத்தில் திலகவதி என்கிற எழுத்தர் தாள்களைப் புரட்டினாள். ராசு மேஸ்திரியின் சான்றிதழைத் தனியாக எடுத்து, அவருக்கே அனுப்பிவைக்க உறையில் போட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணுதாங்க தேறுது. ஒண்ண வெச்சு ஆர்க்கிடெக்டா புதுப்பிக்க முடியாதுங்க" என்றாள். "நீங்களே ஒரு கட்டிடமா வேணா பதிஞ்சுக்கலாம், அதுக்கு ஒண்ணு போதும்."

"அதுல எதிர்காலம் எப்படிங்க?"

"ஆர்க்கிடெக்டுக்கு எவ்வளவோ தேவலைங்க. வருசா வருசம் மதிப்பு கூடும். வயசானாலும் இடம் நிக்கும். கல்யாண வீட்டுல யாரும் உங்ககிட்ட ஓசியில பிளான் கேக்க மாட்டாங்க."

கடைசியாகச் சொன்னது அவனைத் தொட்டது. கையெழுத்துப் போட்டான்.

"வாசல் எந்தப் பக்கம் பாத்ததுங்க?"

வாஸ்துவை எதிர்த்துப் பத்து வருடம் தொண்டை வறளப் பேசியவன் யோசிக்கவே இல்லை. "வடக்குங்க" என்றான். திலகவதி எழுந்து வந்து, தோளைப் பிடித்து அவனைச் சற்றே திருப்பி நிறுத்திவிட்டு முத்திரை குத்தினாள்.

பைபாஸ் அருகே ஒன்றரை சென்ட் ஒதுக்கினார்கள். அவன் அங்கே போய் வடக்கு பார்த்து நின்றுகொண்டான். அடுத்த வளர்பிறை முகூர்த்தத்தில், காலை ஒன்பது மணிக்கு, வளர்மதி பால் பாத்திரத்தோடு வந்தாள். பின்னால் பழனிவேல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். வளர்மதி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ள வெளிச்சம் வருமுங்களா?"

"வரும். காத்தும் வரும்."

"பத்து வருசமா வாடகை வீட்டுலயே கெடந்தாச்சு" என்றாள்.

மாடு தயங்கியது. கொம்பு இடிக்காமல் இருக்க லோகநாதன் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொண்டான். மாடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனது. வளர்மதியும் போனாள். சற்று நேரத்தில் நெஞ்சுக்குக் கீழே இதமாகச் சூடு தெரிந்தது. பால் பொங்கிவிட்டது என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பழனிவேல் வெளியே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அவன் தலையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஒரு மாடி எடுத்து வாடகைக்கு உட்டுறலாமா மாப்ள?"

"தாங்குமுங்க மச்சான்" என்றான் லோகநாதன்.