நோனா வயிற்றில் ஒரு வெள்ளை

கில்பட்டின் பொய்களுக்கு ஒரு குறை இருந்தது. அவன் யோசித்து முடிக்குமுன்பே அவை வாயைவிட்டு வெளியே வந்துவிடும். பிறகு மூச்சிரைக்க அவற்றின் பின்னால் ஓடுவது அவன் பாடு. முதுகு விட்டுப்போய்க் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, கற்பிட்டியில் யூஜீனியா அக்காவின் கருவாடு காயப்போடும் வாடியில் சமையல்காரனாகச் சேர்ந்ததும் அப்படியொரு பொய்யால்தான். "சமைக்கத் தெரியுமாடா?" என்று அவள் கேட்டாள். "நான் ஹோட்டல்ல இருந்த ஆள் அக்கா" என்றான். இருந்தது உண்மைதான். தேத்தண்ணி குடிக்க இருந்தான். அது நடந்து நாலு வருடமாகிறது. வாடியில் பதினொரு பேரும் அவனுடைய தேங்காய்ப்பால் சொதிக்குப் பழகிவிட்டார்கள். பழகாதவர்கள் வேறு வாடிக்குப் போய்விட்டார்கள்.

அந்த மாசியில் ஒரு பூனை வந்தது. முதுகில் கறுப்பும் செம்மஞ்சளும் இடத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டு கிடந்தன. வயிறு மட்டும் வெள்ளை. வாடிக்கு வரும் பூனைகள் கவ்விய மீனோடு ஓடிவிடும். இவள் ஓடவில்லை. அவன் சமைக்கும் குசினி வாசலில் வந்து குந்தி, கலியாண வீட்டில் சாப்பாடு பிந்தினால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்ப்பார்களே, அப்படி அவனைப் பார்த்தாள். கில்பட் அவளுக்கு நோனா, அதாவது சீமாட்டி, என்று பெயர் வைத்தான். அங்கேதான் பிழை விட்டான். பெயரில்லாத பூனையை விளக்குமாற்றால் விரட்டலாம். நோனாவை எப்படி விரட்டுவது?

பத்து நாளில் நோனாவின் வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்தது. கில்பட் அவளுக்கென்று தனிச் சட்டி வைத்தான். உப்பில்லாமல், மிளகாயில்லாமல் சாளையை அவித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக எடுத்தான். படகோட்டி யூட் அதைப் பார்த்துவிட்டான். முப்பது வயதிலும் வாய் ஓயாத பேர்வழி.

"அண்ணே, எங்களுக்கு நேத்தைய கறி. உங்கட நோனாவுக்கு இண்டைய மீனா?"

"நீ புள்ளைத்தாச்சியா?"

"இல்ல."

"அப்ப பொத்திக்கிட்டுத் தின்னு."

ஐஸ் போட்டு மீன் அனுப்பும் ரெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றில் கதவு வெட்டி, உள்ளே தன் பழைய சாரத்தை விரித்து, பிரசவ அறையும் தயார் செய்தான். நோனா உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். சாரத்தை மோந்ததும் தும்மினாள். பிறகு வாலை உயர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் யூஜீனியா அக்காவின் கண்ணில் படாமல் நடந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணில் படாமல் அந்த வாடியில் ஈ இலையான்கூட உட்கார்வதில்லை. மூன்று படகுக்குச் சொந்தக்காரி. காலை எட்டு மணிக்கு ஓலைப் பந்தலின் கீழ் தன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாளென்றால், காகம் விரட்டும் நீளக் கம்போடு மத்தியானம் வரை அங்கேதான். பூனைகளைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு சித்தாந்தம் இருந்தது: வெள்ளைப் பூனைதான் எலி பிடிக்கும், கலர்ப் பூனை எல்லாம் சோம்பேறி. முன்னொரு காலத்தில் வெள்ளையன் என்று ஒரு கடுவன் பூனை ஏழு வருடம் அவளோடு இருந்ததாம். அவன் செத்த பிறகுதான் எலி மீன்வலையை அறுக்கத் தொடங்கியதாம். இதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. கம்பு அவள் கையில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை நோனா, வயிறு மணலில் உரச, பந்தலின் முன்னால் ஊர்வலம் போனாள்.

"கில்பட்! இது என்னடா?"

"பூனை அக்கா."

"பூனை எண்டு எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள என்ன?"

"வெள்ளை அக்கா" என்றது கில்பட்டின் வாய்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்தார்கள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தடவிப் பார்த்தேன். ஒரு கறுப்பு, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை நிச்சயம் இருக்கு. எங்கட மாமா ஒருத்தர் மாட்டு வயித்தைத் தடவியே நிறம் சொல்லுவார்." மாமா இருந்தது உண்மை. தபால்காரர்.

யூஜீனியா அக்கா கம்பை மணலில் ஊன்றினாள். "சரி. எல்லாருக்கும் முன்னால சொல்றேன். வெள்ளை ஒண்டு வந்தா தாயும் குட்டிகளும் இங்கேயே கிடக்கட்டும். வரல்ல எண்டா, கண் திறந்த கையோட எல்லாத்தையும் சாக்கில கட்டி, வெங்காய லொறியில கரைத்தீவுக்கு ஏத்தி விட்டிருவேன். அந்தோனியார் மேல ஆணை."

அவள் ஆணை விளையாட்டல்ல. வாங்கிய ஏணியைத் திருப்பித் தரும்வரை உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஒன்பது வருடம் அவனோடு பேசாதிருந்தவள் அவள். ஏணி வந்த அன்றுதான் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையே அறிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, கருவாடு ஏற்றப் புத்தளத்திலிருந்து மஸாஹிர் நானா வந்தார். வீட்டில் ஒன்பது பூனை வளர்ப்பவர். கில்பட் அவரைக் குசினிக்குப் பின்னால் இழுத்துப்போய் நோனாவைக் காட்டினான்.

"மாஷா அல்லாஹ். நாலு குட்டி ஈக்கி."

"நிறம், நானா?"

"அத அல்லாஹ்தான் அறிவான்" என்று வானத்தைப் பார்த்தவர், ஃபோனை எடுத்தார். "இல்லாட்டி எண்ட மக அப்ரா. அவ உயர்தர வகுப்புல பயோ படிக்கிறா."

அரை மணித்தியாலத்தில் அப்ராவின் குரல் ஃபோனில் வந்தது. "வாப்பா, குட்டி முழு வெள்ளையா வரணும் எண்டா தாயோ தகப்பனோ முழு வெள்ளையா ஈக்கணும். மூணு கலர்த் தாய்க்குச் சும்மா வராது. கில்பட் மாமாக்கிட்ட செல்லுங்க, தகப்பன் யாரெண்டு பார்க்கச் செல்லி."

பூனை விஷயத்தில் தகப்பன் யாரென்று விசாரிப்பது அவ்வளவு நாகரிகமான வேலையில்லை. ஆனாலும் கில்பட் அன்று பின்னேரமே சைக்கிளில் புறப்பட்டான். ஐஸ் கம்பனி மதிலில் ஒரு மஞ்சள் கடுவன், காது கிழிந்தவன். கள்ளுக் கடைக்குப் பின்னால் ஒரு கறுப்பன், தலை தேங்காயளவு. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டலில் இன்னொன்று: உடம்பு பால் தேத்தண்ணி நிறம், காதும் மூஞ்சியும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்தது போல. 'குளிக்காத சாதி' என்று கில்பட் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளைக் கடுவன் கோட்டைப் பக்கமும் இல்லை, சந்தைப் பக்கமும் இல்லை.

அடுத்த முறை மஸாஹிர் நானா வந்தபோது கில்பட் குரலைத் தாழ்த்தினான். "நானா, புத்தளத்தில எங்கயாவது ஒரு வெள்ளைக் குட்டி... அண்டைக்குப் பிறந்ததா..."

"தாய்க்கிட்ட இருந்து புடுங்கிட்டு வரச் செல்றியா? பாவம்டா அது. பொய் சொன்னது நீ. நீயே பெத்து எடு."

நோனா பெற்றது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. ரெஜிபோம் பெட்டியிலல்ல. யூஜீனியா அக்காவின் கதிரைக்குக் கீழே கிடந்த சாக்கில், அக்கா மேலே உட்கார்ந்திருக்கும்போதே.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கீழே ஏதோ முனகுகிறதென்று அக்கா எழும்பப் பார்த்தாள். எழும்பியதுதான் தாமதம், நோனா ஊரைக் கூட்டினாள். அக்கா உட்கார்ந்தாள், நோனா அடங்கினாள். மறுபடி எழும்பினாள், மறுபடி அலறல்.

"கில்பட்! இவளை எடுடா!"

"எடுக்கக்கூடாது அக்கா. இந்த நேரம் அசைஞ்சா குட்டி செத்துப் போயிரும். நீங்க இருந்தாத்தான் அவளுக்குத் தைரியம்."

"எனக்கு மூத்திரம் வருதுடா!"

"செபமாலை சொல்லுங்க அக்கா."

இரண்டு மணித்தியாலம் அந்த வாடியில் ஒரு கருவாடும் புரட்டப்படவில்லை. யூஜீனியா அக்கா ஒரு கையில் செபமாலை, மறு கையில் கம்பு, வாயில் அருள் நிறைந்த மரியேயும் கில்பட்டின் பரம்பரையும் மாறி மாறி. பெண்கள் மணலில் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்து அறிவித்தார்கள். முதலாவது மஞ்சள். இரண்டாவது கறுப்பு. மூன்றாவது தாயைப் போல மூன்று நிறம். கில்பட் குசினித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெங்காய லொறியின் ஹோர்ன் சத்தம் அவன் காதுக்குள் இப்போதே கேட்டது. சாக்குக்குள் நோனா எந்த மாதிரிப் பார்ப்பாள் என்பதும் தெரிந்தது.

நாலாவது, உரித்த இறால் போல வழுக்கிக்கொண்டு வந்தது. நோனா நக்க நக்க அது காய்ந்தது. காயக் காய வெளுத்தது.

"வெள்ளை!" என்றாள் ஒருத்தி. "அம்மாவாணை, முழு வெள்ளை!"

எல்லோரும் கில்பட்டைப் பார்த்தார்கள். அவன், இதெல்லாம் எனக்கு வழக்கம்தான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்று மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டான். யூஜீனியா அக்கா கழிப்பறைக்கு ஓடிய வேகத்தை அந்த வாடி அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அதன் பிறகு ஒரு கிழமை கில்பட் தீர்க்கதரிசியாக வாழ்ந்தான். யூட்டே பயபக்தியோடு வந்து, "அண்ணே, நாளைக்குக் கும்பளா மீன் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "மேற்க போ" என்றான் கில்பட். கற்பிட்டியில் கடல் இருப்பதே மேற்கில்தான். படகு நிறைய மீன் வந்தது. பக்கத்து வாடியிலிருந்து ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோதுதான் அவனுக்கே பயம் பிடித்தது. மாமா மாட்டோடு நிறுத்திக்கொண்டவர் என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

யூஜீனியா அக்கா குட்டிக்குச் சின்ன வெள்ளையன் என்று பெயர் வைத்தாள். காலையில் வந்ததும் கம்பைச் சாய்த்துவிட்டு அவனை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பாள். "எலிக்கு எமன்" என்பாள். எமனுக்கு அப்போது கண் திறந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் கில்பட் எமனின் காதோரத்தில் ஓர் அழுக்கைக் கண்டான். கரி என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தான். போகவில்லை. மறுநாள் மற்றக் காதிலும் இருந்தது. அதற்கடுத்த நாள் மூக்கில். கில்பட் துணியைக் கீழே வைத்தான். கரிச்சட்டி மூஞ்சியோடு ஹோட்டல் வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த அந்தக் குளிக்காத சாதி ஞாபகத்துக்கு வந்தான்.

செவ்வாய்க்கிழமை அப்ராவின் குரல் சந்தோசமாக விளக்கியது. "வாப்பா, அது வெள்ளையே இல்ல! சயாம் பூனைட சாதி. நோனாட பரம்பரையிலயும் எங்கயோ கலந்து ஈக்கி. இதுகளுக்கு உடம்பு சூடான இடத்துல நிறம் வராது. தாய்ட வயித்துக்குள்ள சூடுதானே, அதனால வெள்ளையாப் பிறக்கும். பிறகு குளிர்ற இடமெல்லாம் கறுக்கும். காது, மூக்கு, கால், வால்."

கில்பட் இதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டான்: சூடு. அன்றே ரெஜிபோம் பெட்டியை அடுப்பருகே இழுத்து, குட்டிகளை உள்ளே வைத்து, சின்ன வெள்ளையனின் தலையில் பழைய காலுறையின் நுனியை வெட்டித் தொப்பியாக மாட்டினான். வெளியே பங்குனி வெயில் மண்ணைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. நோனா வந்தாள். தொப்பியைப் பார்த்தாள். கில்பட்டைப் பார்த்தாள். நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்க் கதிரைக்குக் கீழேயே வைத்தாள். தொப்பி வழியில் கிடந்தது.

மிஞ்சியது பவுடர்தான். ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொள்ள அவனிடம் ஒரு டின் ரோசாப்பூப் பவுடர் இருந்தது. தினமும் விடிந்ததும், அக்கா வருமுன், குட்டியின் காதிலும் மூக்கிலும் ஒற்றிவிட்டான். எமன் தும்மினான். எமனின் கண் ஒன்று திறந்தது, நீலக் கண். வெள்ளிக்கிழமை மற்றதும் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை வெங்காய லொறி வரும் நாள்.

ஞாயிறு விடியற்காலை கில்பட் பவுடர் டின்னோடு பந்தலுக்குப் போய்க் குனிந்தான். குட்டியின் காது ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. சீராக, கட்டியில்லாமல், கலியாணப் பெண்ணுக்குப் பூசியது போல. மூக்கும் அப்படித்தான். நேற்றுப் பூசியது மிஞ்சியிருக்கிறதோ என்று மோந்து பார்த்தான். ரோசாப்பூ இல்லை. சந்தனம்.

அந்த வாடியில் சந்தனப் பவுடர் போடுகிற ஆள் ஒருத்திதான்.

"என்னடா மோப்பம் பிடிக்கிறாய்?" யூஜீனியா அக்கா பின்னால் நின்றாள்.

"ஒண்டுமில்ல அக்கா."

"கையில என்ன?"

"பவுடர். வேர்க்குது."

அவள் டின்னை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "மட்டமான சாமான். பத்து மணி வெயிலுக்கு உதிர்ந்து போகுது. மூணு நாளா நான்தான் மேல பூசிக்கிட்டு இருக்கேன்."

கில்பட்டுக்கு முதன்முறையாக வாயில் எந்தப் பொய்யும் வரவில்லை. "தெரியுமா அக்கா?"

"எனக்குக் கண் இல்லையா? காது கறுத்த அண்டே தெரியும்."

"அப்ப லொறி..."

"ரெண்டு மணித்தியாலம் மூத்திரத்தை அடக்கிக்கிட்டு இருந்து பெத்தெடுத்த புள்ளைகள்டா இது" என்றாள் யூஜீனியா அக்கா. "எல்லாருக்கும் முன்னால ஆணை போட்டுட்டேன். அதை மாத்த ஏலாது. அதால குட்டி வெள்ளைதான்."

வாசலில் ஹோர்ன் அடித்தது. யூட் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, வெங்காய லொறி. சாக்கு வேணும் எண்டு சொன்னீங்களே..." குனிந்து குட்டியைப் பார்த்தான். குட்டி எழும்பி, இன்னும் நிதானமில்லாத கால்களால் திரும்பி, தன் பின்புறத்தை அவனுக்குக் காட்டியது. கரிக் கட்டை போல வால் நின்றது.

"அக்கா, இதுட வால்..."

"என்ன நிறம்டா குட்டி?" என்று கேட்டாள் யூஜீனியா அக்கா, கம்பைத் தேடி எடுத்தபடி.

யூட் வாலைப் பார்த்தான். கம்பைப் பார்த்தான். தரையில் சம்மணமிட்டு, பவுடர் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த கில்பட் அண்ணனைப் பார்த்தான். கதிரைக்குக் கீழே நோனா அவனைப் பார்த்தாள்.

"வெள்ளை அக்கா" என்றான். "பால் வெள்ளை."

"அப்ப அந்தச் சாக்கில பத்துக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வா."

அவன் போனதும் அக்கா இடுப்பில் செருகியிருந்த சந்தனப் பவுடரை எடுத்துத் தட்டினாள்.

"பார்த்துக்கிட்டு இருக்காம வாலைப் பிடிடா" என்றாள்.

கில்பட் வாலைப் பிடித்தான்.