ஹார்னுக்கு வைத்த பொட்டு

எங்கள் காருக்குக் கம்பெனியில் மாட்டி அனுப்பிய ஹார்ன் நன்றாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் என் வீட்டுக்காரர் அது எதற்கும் லாயக்கில்லாத ஹார்ன் என்றுதான் ராஜபாளையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவர் பெயர் வைகுண்டராஜ். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவர். வந்த கையோடு ஒரு பழைய பியட் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். காரைத் துடைப்பார், பானெட்டைத் திறந்து பார்ப்பார், மூடுவார். எப்போதாவது ஓட்டுவார்.

நான் பரிபூரணம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். தொண்ணூற்றிரண்டு ஜூனில் எனக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பதினாலு வருஷம் காத்திருந்து வந்த உத்தரவு. ஆனால் போட்ட இடம் கான்சாபுரம். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். காலை ஆறு பத்து வண்டியை விட்டால் பிரேயர் முடிந்து இரண்டாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேர முடியும். எனக்கு முன்னால் உத்தரவு வந்த இரண்டு பேர் இந்த பஸ்ஸை நினைத்தே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“நீயும் எழுதிக் குடுத்துரு. எதுக்குக் கெடந்து அல்லாடணும்?” என்றார் இவர்.

“கார் சும்மாதான நிக்குது? நான் ஓட்டிட்டுப் போறேன்.”

சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தார். “லைசென்ஸ எடு. பொறவு பேசுவோம்.”

எடுக்கமாட்டாள் என்ற தைரியம். எனக்கோ கோடை விடுமுறையிலேயே எல் போர்டு மாட்டி அய்யனார் கோவில் ரோட்டில் ஓட்டிப் பழகிய தைரியம். பழக்கிவிட்டவரும் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கையைக் குறுக்கே நீட்டி ஹார்னை அவரே அடிப்பார். மாட்டு வண்டிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, ஆளே இல்லாத வளைவுக்கு இரண்டு. அவர் முழங்கை என் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். அதையும் மீறித்தான் ரோட்டைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவிங் டெஸ்ட் ஒரு வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். சேர்கிறேன் அல்லது வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த ஒரு டெஸ்டில்தான் என் பதினாலு வருஷமும் நின்றது.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பனியனோடு இவர் உள்ளே தலையை விட்டிருந்தார். வாசல் திண்டில் புது அட்டைப் பெட்டி. அதற்குள் சங்கு மாதிரிச் சுருண்ட ரெட்டை ஹார்ன், மதுரைக்கு ஆள் விட்டு வாங்கியது.

“நாளைக்கு டெஸ்ட்டு. இன்னிக்கு எதுக்கு இதப் போட்டு நோண்டுதீக?”

“ஏட்டி, பொம்பள ஓட்டுற வண்டின்னா எவன் ஒதுங்குவான்? சத்தத்தக் கேட்டா லாரி வருதுன்னு அவனவன் ஓடணும். அந்தப் பழைய ஹார்ன எருமை கூட மதிக்கல.”

அய்யனார் கோவில் ரோட்டில் குறுக்கே வந்த அந்த எருமை ஹார்னையா பார்த்தது, அது ஆற்றில் தண்ணீர் குடிக்கும் நினைப்பில் போனது. சொல்லிப் பிரயோசனமில்லை. “பழச எங்க வச்சிருக்கீக?” என்று மட்டும் கேட்டேன்.

“சோலைச்சாமி வேன்ல ஹார்ன் இல்லைன்னான். குடுத்துட்டேன்.”

சோலைச்சாமி அடுத்த தெருவில் வேன் வைத்திருப்பவர். நன்றாக இருந்த ஹார்ன், கேட்ட அரை மணி நேரத்தில் அவர் வேனுக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

வேலையில் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஹார்னின் தகடு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். “எர்த்து இங்கதான் கெடைக்கும். பெயிண்ட் இருந்தா கரண்டு திரும்பாது” என்று எனக்குப் பாடமும் நடத்தினார். எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிறவளிடம்! ரிலே, புது பியூஸ், தடித்த வயர், எல்லாம் சரி.

பிறகு உள்ளே போய்க் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. ரேடியோ, மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஃபேன் சுவிட்ச், எல்லாவற்றுக்கும் வந்த அன்றைக்கே சந்தனமும் குங்குமமும் ஆகிவிடும். அதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு மலையில் சாரல் இறங்கியிருந்தது. “வெளிய வச்சா மழையில கரைஞ்சிரும். உள்ள வச்சா நெலைச்சு நிக்கும்” என்று, சுரண்டிப் பளபளப்பாக்கிய அந்த இரும்பின் மேலேயே கட்டியாக ஒரு பொட்டு, தகட்டின் அடியில் ஒன்று, போல்ட்டுக்குச் சுற்றி ஒரு பூச்சு வைத்து முறுக்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை. கும்பிட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் இரண்டு தடவை அலறியது. எதிர் வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டு தெலுங்கில் ஏதோ திட்டினார். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலையில் ஆறு மணிக்கு அமுக்கிப் பார்த்தார். மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பியூஸை மாற்றினார். ரிலேயை ஸ்குரூ டிரைவரால் தட்டினார். ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹார்ன் பட்டனைக் கழற்றினார். அதற்குள் இருந்த ஸ்பிரிங் தெறித்து எதிர் வீட்டுக் கோலத்தில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுக்க இருபது நிமிஷம். பட்டனைத் திரும்ப மாட்டினார். அமுக்கினார். ஒன்றுமில்லை. மில் சங்கு ஏழுக்கு ஊதியது. எட்டுக்கு ஊதியது. சைக்கிளில் ஷிப்டு போகிறவர்களெல்லாம் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, எல்எல்ஆர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாசலில் மரமாக நின்றேன்.

“சோலைச்சாமிகிட்ட அந்தப் பழச வாங்கிட்டு வாங்களேன்.”

“அவன் விடியவே சங்கரன்கோவிலுக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டானாம்.”

கையைத் துடைத்தார். “ஹார்ன் இல்லாத வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் தொடக்கூட மாட்டாரு. விடு பரிபூரணம். அடுத்த மாசம் தேதி வாங்கிக்கிடலாம்.”

அடுத்த மாசம் எனக்கு என்ன இருக்கிறது? வேறு யாராவது கான்சாபுரத்தில் தலைமையாசிரியையாக உட்கார்ந்திருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. கூடவே லேசாக ஒரு நிம்மதியும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

கையிலிருந்த தாளை அவர் சட்டைப் பையில் திணித்தேன். “நகருங்க.”

“ஒனக்கு என்னட்டி தெரியும் இதுல? வயரோடயே குடும்பம் நடத்துனவன் நான்.”

“செத்த நேரம் நகருங்கன்னு சொல்லுதேன்ல!”

ஒரு துண்டு வயரை எடுத்தேன். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன். மறு முனையை ஹார்ன் தகட்டில் தொட்டேன். “இப்ப அமுக்குங்க.”

அமுக்கினார். தெருவே அதிர்ந்தது. சைக்கிளில் காலூன்றி நின்றவர் சாய்ந்தே விட்டார்.

ஹார்ன் நன்றாக இருக்கிறது, கரண்டும் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. வழியை அடைத்தது எது என்று பார்க்க போல்ட்டைக் கழற்றினேன். தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மஞ்சளாகக் கிடந்தது சந்தனம். ஈரமாக இருந்தவரை கரண்டை விட்டது, ராத்திரியில் காய்ந்து இறுகியதும் அடைத்துவிட்டது. பெயிண்ட் இருந்தால் கரண்டு திரும்பாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர் வைத்த பொட்டு.

நான் கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, பொட்ட அழிக்காத! நல்ல காரியத்துக்குப் போற அன்னிக்கு, அதுவும் ஒங் கையால. ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?”

என் கை ஒரு நிமிஷம் நின்றது உண்மைதான். நானும் தாலி கட்டிக்கொண்டவள்தானே. ஆனால் கடிகாரம் எட்டரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்” என்று சொல்லிச் சுரண்டினேன். பளபளப்பு தெரிந்தது. போல்ட்டைத் துடைத்து முறுக்கினேன். அவர் மனசு கெட வேண்டாம் என்று, கரண்டுக்கு வேலையில்லாத இடமாக, ஹார்னின் முன்பக்கத்தில் புதுப் பொட்டு ஒன்றை நானே வைத்தேன். ஹார்ன் அலறியது. அவர் வந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

டெஸ்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்னே போனேன், பின்னே எடுத்தேன், மேட்டில் நிறுத்தி உருளாமல் கிளப்பினேன். ஹார்னை அடிக்கச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் ஒரு அடி தள்ளிப் போனார். “வீட்ல லாரி எதுவும் நிக்குதாம்மா?” என்று கேட்டுவிட்டு, பாஸ் என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவர் அரைக்கிலோ பால்கோவா வாங்கினார். கடைக்காரரிடம், “ஹார்ன் சத்தத்துலயே இன்ஸ்பெக்டர் அசந்துட்டாருல்லா” என்றார்.

திரும்பி வரும்போது மறுபடியும் அந்த முழங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருவதற்குள் நாற்பத்து மூன்று தடவை அடித்தார். எண்ணினேன். நாற்றுக்கட்டோடு ஓரமாகப் போன ஒரு பாவப்பட்ட கிழவர் பதறி வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

“கைய எடுங்க. எனக்கு லைசென்ஸ் குடுத்தாச்சு.”

“ஓட்டத்தான் குடுத்திருக்கான். எப்ப அடிக்கணும்னு ஒனக்கு இன்னும் தெரியல. தெனமும் நானும் கூட வாரேன். நீ ஓட்டு, ஹார்ன நான் பாத்துக்கிடுதேன்.”

விளையாட்டாகச் சொன்னாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. இனி ரிட்டயர் ஆகும்வரைக்கும் என் மூக்குக்கு முன்னால் ஒரு முழங்கை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பார்க்க, இவர் ஹார்ன் அடிக்க, நான் டிரைவர் மாதிரி இறங்க வேண்டும். இதற்கு அந்த ஆறு பத்து பஸ்ஸே தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை, சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சந்தனம் குழைத்தேன். போல்ட்டைக் கழற்றி, அவர் வைத்த அதே இடத்தில், அதே கட்டியாக, பொட்டு வைத்தேன். காய விட்டு முறுக்கினேன்.

பஞ்சு மார்க்கெட்டில் திரும்பியதும் முழங்கை வந்தது. அமுக்கினார். சத்தமில்லை. மறுபடி அமுக்கினார்.

“என்னட்டி ஆச்சு?”

“தெரியலையே.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அமுக்கிக்கொண்டே வந்தார். நான் ஓரமாக, மெதுவாக ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பார்ட்ஸ் கடையைக் கண்டதும், “நிறுத்து, பியூஸ் போயிருக்கும். வாங்கிட்டு வாரேன், செத்த நேரம் நில்லு” என்று இறங்கினார்.

அவர் கடைக்குள் நுழைவதைப் பார்த்தேன். முதல் கியரைப் போட்டேன். அவரை விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் போல்ட்டைக் கழற்றினேன், பொட்டைச் சுரண்டினேன், முறுக்கினேன். ஹார்ன் சரியாகிவிட்டது. கிருஷ்ணன்கோவிலில் திரும்பிக் கான்சாபுரம் போய்ச் சேரும்வரை ஒரே ஒரு தடவை அடித்தேன், ரோட்டை மறித்த ஆட்டு மந்தைக்கு. எட்டே முக்காலுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் முதல் தடவையாகத் தலைமையாசிரியை என்று எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். கையில் அந்த பியூஸ்.

“ஏட்டி, நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டியே! ஹார்ன் இல்லாம எப்படிப் போன? எம்புட்டு நேரம் பயந்துகிட்டே நின்னேன் தெரியுமா?”

நான் ஹார்னை அமுக்கினேன். பின்னுக்குத் துள்ளினார்.

“எப்படிச் சரியாச்சு?”

“பொட்டு உள்ள இருந்தா அடிக்காது. எடுத்துட்டா அடிக்கும். காலையில நான்தான் வச்சேன், நான்தான் எடுத்தேன்.” காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். “நாளைக்கு நீங்க கூட வாரீகளா, வரலியா? இப்பவே சொல்லிட்டா, சந்தனம் குழைக்கணுமா வேண்டாமான்னு பாத்துக்கிடுவேன்.”

அவர் பியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் காரைத் துடைத்து வைத்திருந்தார். நான் கிளப்பும்போது வாசலில் நின்று கையை மட்டும் ஆட்டினார். பக்கத்துச் சீட்டில் என் சாப்பாட்டுத் தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு போனேன்.