வியாழக்கிழமை பத்து மணிக்கு

1

இந்தக் கதை ஒரு அச்சுப் பிழையில் பிறந்தது. முதல் வரைவில் பழியை அச்சகத்தார் தலையில் போட்டுப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. பிழை செய்தவள் நான்தான்.

இங்கே தலைநகர் துவாரகாவில் ஞாயிறு சாயங்காலம் என்னிடம் கதை கேட்க வருகிறவர்களே, கண்ணுங்களா, இதை மட்டும் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் வழக்கம்போல் மாற்றிவிடுவேன். தமிழ் வாசிக்க வராதவர்கள், பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: வானத்தில் வியாழன் என்னும் பெருங்கோள்…

வேண்டாம். பாடப் புத்தகம்.

தொடக்கம் இரண்டு: வறுகடலை வாசனையோடு கிட்வாய் நகரில் அந்தக் குளிர்காலம்…

(பொய். கடலை வாசனை எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பழைய நாள் என்றாலே வாசனை சேர்க்கிற கெட்ட பழக்கம்.)

சரி, நேராகவே வருகிறேன். 1998. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீட்டில் அம்சவேணி. மத்திய அரசு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை. வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் அனுப்பிய காந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடுவாள். அவளுடைய அப்பா அழகர்சாமி மதுரைப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ காந்த வேலை" என்பார்.

அவருக்குப் புரியட்டும் என்றே வேணி எங்கள் தமிழ் மன்றத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதினாள். ‘குருவின் நிலாக்கள்’ என்று தலைப்பு. மெய்ப்புப் பார்த்தது நான். அவள் எழுதியிருந்தது இது:

"வியாழன் பத்து மணிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். கூடவே அதன் காந்தமும் சுழலும். பனி மூடிய நிலாக்களில் சில, அந்தச் சுழற்சிக்குத் தாமும் ஒரு காந்தத்தால் பதில் சொல்கின்றன. வெறும் பனியால் அது முடியாது. அடியில் உப்புக் கடல் இருக்கவேண்டும்."

நமக்கு வியாழன் என்றால் கிழமைதானே? ‘பத்து மணிக்கு’ என்று கண்ணில் பட்டதும் கை ஓடிவிட்டது. ‘வியாழக்கிழமை’ ஆக்கிவிட்டேன். மிச்சத்தை நிதானமாக வாசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

3

மலர் வந்தது. அழகர்சாமிக்குக் கண்புரை. வேணி அலுவலகம் கிளம்பும்போது, "அப்பாவுக்கு நீங்க படிச்சுக் காட்டுங்கக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் வாசித்தேன். முதல் வரியிலேயே கையை உயர்த்தினார்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கா? அன்னைக்கு அவளுக்கு ஆபீஸ் லீவா தாயி?"

அப்போதுதான் என் கை செய்த வேலை எனக்கே தெரிந்தது. பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. அன்றைக்கும் வியாழக்கிழமைதான். வாசலில் பக்கத்து பிளாக் சேஷு, கையில் மஞ்சள் தடவிய ஜாதகம். மலரில் பார்த்த குரு, வியாழக்கிழமை, பத்து மணி: வேணி ஜாதகம் பார்க்கிறாள் என்று மனுஷர் முடிவே கட்டிவிட்டார்.

"மேடம் இல்லையா? என் பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிண்டே போறது…"

"அவ ஆபீஸ் போயாச்சு" என்றார் அழகர்சாமி. "குருகிட்ட நீங்களே நேராப் பேசிக்கங்க, அச்சா?"

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று ஜாதகங்கள். கட்டுரையில் கடல் வருகிற இடம் வரைக்கும் நான் வாசிக்கவே இல்லை.

சாயங்காலம் வேணி வந்தாள். அலுவலகத்திலும் கேலி போலிருக்கிறது, முகம் செத்திருந்தது. "போகட்டும், அக்கா. அப்பா என்ன சொன்னார்?"

சொன்னேன்: "‘கண்ணுல படாத கடலைக் காந்தத்தை வெச்சே பாக்குறாளா எம் மக’ன்னார்."

அவள் சிரித்த சிரிப்பை எழுத

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.)

அப்பாவிடமே கேட்க அவளுக்குக் கூச்சம். இரண்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

4

வேணியும் இப்போது ஓய்வு பெற்று துவாரகாவுக்கே வந்துவிட்டாள். பனி நிலாக்களைப் பற்றித் தமிழில் சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறாள். போன வாரம் அதன் மெய்ப்புக் கட்டோடு வந்தாள்.

"மெய்ப்பு நீங்கதான் பாக்கணும், வல்லியக்கா. கிழமை மட்டும் போட்டுடாதீங்க."

மூன்றாம் பக்கத்தில், தனியாக, அவள் அப்பா பேரில் நான் கட்டிய அந்தக் கடல் வரி. கீழே: ‘என் அப்பா அழகர்சாமி சொன்னது.’

"இது… இருக்கணுமா வேணி?"

"இருபத்தேழு வருஷமா அந்த ஒரு வரியிலதான் ஓடிட்டிருக்கேன். அது இல்லேன்னா புத்தகம் எதுக்குக்கா?"

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

5

முடிவு அ: பேசாமல் இருந்துவிடுகிறேன். நான் சொன்ன கதைகளிலேயே நல்ல வரி அதுதான். ஆனால் அழகர்சாமி அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை.

முடிவு ஆ: போன் செய்து சொல்லிவிடுகிறேன். அதற்கு அவள்

(நான்கு தரம் தொடங்கினேன். அவளுக்கு நான் வசனம் எழுதக்கூடாது. ஒருதரம் அவள் அப்பாவுக்கு எழுதியது போதும்.)

‘லீவா தாயி’ என்ற அவருடைய கேள்வியை அசட்டுக் கேள்வி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மெய்ப்புப் பார்த்த நான், அச்சுக் கோத்தவர், மலர்க் குழுவில் அத்தனை பேர், ஒருவர் கண்ணிலும் படாத பிழையைக் காதால் கேட்டே பிடித்தவர் அவர். காந்தம் அவருக்குத் தெரியாது. மகள் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்கே இருப்பாள் என்று தெரியும்.

அதனால் இந்தத் தாள்களை மெய்ப்புக் கட்டின் மூன்றாம் பக்கத்தில் செருகி வேணிக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு முன்னால் அவள் வாசிப்பாள். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவள் இதை உங்கள் கைக்கு வர விட்டிருக்கிறாள் என்று அர்த்தம். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது.

புத்தகம் வந்ததும் வாங்கிப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் என் வரி இருக்கலாம். அவர் கேள்வி இருக்கலாம். வெறும் தாளாகவும் இருக்கலாம். எதுவானாலும் வந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள், கண்ணுங்களா. அந்தப் பக்கத்தைத் தனியாகத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.