உள்ளே நவ்வுங்க

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வார இதழின் உடல்நலப் பக்கத்துக்குச் சிரிப்பின் நன்மைகள் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பதினெட்டு மர்மத் தொடர்களில் நாற்பத்தோரு பேரைப் பிணமாக்கியவனிடம் சிரிப்பைக் கேட்டால் என்ன வரும்? முதல் வரி இப்படி வந்தது:

'இருட்டில் யாரோ சிரித்தார்கள். மறுகணம்—'

அடித்துவிட்டேன். அடுத்தது:

'சிரிக்கும்போது இரத்த ஓட்டம் சீராகிறது, மன இறுக்கம்—'

எனக்கே கொட்டாவி வந்தது. வேறு வழியில்லாமல், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டரை ஏற்றினேன். பெயர் சோணைமுத்து. ஏறியவர் இறங்க மறுத்துவிட்டார்.

2

சோணைமுத்துவுக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். ராஜபாளையத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் மனைவி காளீஸ்வரி வேடிக்கையாக ஏதாவது சொல்லாத நாளில்லை. அவர் ஒன்றுக்காவது சிரித்ததும் இல்லை. சில்லறை கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார். போன மாதம் அவள் தன் வாழ்நாளின் ஆகச்சிறந்த வேடிக்கையைச் சொல்லி முடித்தபோது, "சரி, பொறவு?" என்று கேட்டுவிட்டார்.

(அது என்ன வேடிக்கை என்று கேட்காதீர்கள். மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றுக்கும் எனக்கே "பொறவு?" என்றுதான் கேட்கத் தோன்றியது.)

அன்றைக்கே காளீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பினாள்.

"மனசாரச் சிரிக்கப் படிச்சிட்டு வாங்க. என் முன்னால ஒருதடவ சிரிங்க. அப்பமே பெட்டியத் தூக்கிட்டு வாரேன்."

அவளில்லாத வீட்டில் சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. குக்கர் விசிலடித்தால்கூட, சிரிக்கிறாளோ என்று அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

3

ஆகவே சிரிப்பு மன்றம். காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் வட்டமாக நின்று, கையைத் தூக்கி 'ஹ ஹ ஹா'. பொய்யாகச் சிரிக்க ஆரம்பித்தாலும் போகப்போக நிஜமாகிவிடும் என்பது அங்கே கொள்கை.

நடத்துபவர் கனகலட்சுமி, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. வீட்டில் பேசுவது தெலுங்கு. மைதானத்தில் தமிழில்தான் ஆரம்பிப்பார். உற்சாகம் ஏறினால் தெலுங்கு தானாக வந்துவிடும். சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் ஏறிவிட்டது.

"நவ்வு! நவ்வு!"

சோணைமுத்து ஓரடி பின்னால் போனார்.

எங்கள் பக்கம் 'நகரு' என்பது 'நவுரு'. 'உள்ள நவுருங்க, நவுரு நவுரு' என்று கத்தியே பிழைத்த மனிதரின் காது அது. தெலுங்கில் 'நவ்வு' என்றால் 'சிரி' என்பது அதற்கு எப்படித் தெரியும்? அவர் நகர்ந்தார். ஆசிரியை இன்னும் பலமாக 'நவ்வு' என்றார். இன்னும் நகர்ந்தார். மூன்றாம் நாள் வேப்பமரத்தடி. ஆறாம் நாள் கேட். பத்தாம் நாள் கேட்டுக்கு வெளியே, இட்லி வண்டிக்குப் பக்கத்தில் நின்று தன்னந்தனியாக 'ஹ ஹ ஹா' என்றார்.* மைதானத்திலிருந்து காற்றில் இன்னொரு 'நவ்வு' வந்தது. பின்னால் வைத்த கால் சாம்பார் வாளிக்குள் இறங்கியது.

* தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதன் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறானாம். ஆராய்ச்சி சொல்கிறது. தினமும் நாலடி கூட்டத்தை விட்டு விலகிப்போகிறவரை அந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்களா, தெரியவில்லை.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு வெள்ளந்திக் கண்டக்டர் உண்டா? வெட்டிவிடலாமா என்று பேனாவைத் திறப்பதற்குள், சாம்பார்க் காலோடு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அண்ணன் வீட்டு வாசலில் நின்று கையைத் தூக்கினார். "ஹ ஹ ஹா."

முறத்தில் அரிசியோடு வந்த காளீஸ்வரி அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். அறிவியலும் அங்கேதான் பார்க்கிறது. வாயை இஷ்டப்படி இழுக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை லேசில் சொல்பேச்சுக் கேட்காது. நிஜச் சிரிப்பில்தான் கண்ணோரம் சுருங்கும்.

"வாய் மட்டும்தான் சிரிக்கி. கண்ணு இன்னும் டிக்கெட் கிழிச்சிட்டு நிக்கி" என்றாள்.

சோணைமுத்துவுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "நான் என்னட்டி செய்ய? அந்த டீச்சரம்மா எங்க சிரிக்க விட்டாவ? வாயத் தொறந்தாப் போதும், நவ்வு நவ்வுங்காவ. நானும் எம்புட்டுத்தான் நவுருவேன்? நவுந்து நவுந்து சாம்பார் வாளிக்குள்ள காலை விட்டுட்டேன்."

ராஜபாளையத்தில் இருந்த ஏழே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிப் பேசித் தெலுங்கு கற்றிருந்த காளீஸ்வரிக்கு முதலில் சத்தமே வரவில்லை. முறம் நழுவியது. (சிரிப்பு தசைகளைத் தளர்த்தும், உடல்நலப் பக்கத்துக்கு இந்த ஒரு வரி.) அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ... அவிய உங்களச் சிரிக்கச் சொல்லியிருக்காவங்க... சிரிக்கச் சொன்னா நவுந்து போயிருக்கியளே..."

அடுத்தவர் சறுக்கினால் சிரிப்பு வரும் என்கிறது தத்துவத்தில் ஒரு கட்சி. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்றால் வரும் என்கிறது எதிர்க்கட்சி. சாம்பார் வாளி இரண்டுக்கும் பொது.

5

முடிவு அ: சோணைமுத்துவும் சிரிக்கிறார். கண்ணோரம் சுருங்குகிறது. (உடல்நலப் பக்கம் இதைத்தான் விரும்பும்.)

முடிவு ஆ: செத்த நேரம் யோசித்துவிட்டு, "சரி, பொறவு?" என்கிறார். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவர் தன்னைச் சிரிக்கவைத்தாரே என்று அவள் பெட்டியைத் தூக்கிவிடுகிறாள்.

முடிவு இ: வீட்டுக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி— மன்னிக்கவும். பழக்கதோஷம்.

எதுவும் என் கையில் இல்லை. அவள் படியில் உட்கார்ந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவர் குனிந்து அவளையே பார்க்கிறார். தோள் லேசாகக் குலுங்குகிறது. சிரிப்பா, கோபமா? முதுகு எனக்குத் தெரிகிறது, கண் தெரியவில்லை. சிரிப்பு தொற்றும் என்கிறார்கள், ஆளிலிருந்து ஆளுக்கு. சாம்பார் வாளி வந்த இடத்தில் உங்கள் கண்ணோரம் சுருங்கியிருந்தால் அவருக்கும் தொற்றியிருக்கும். இருவரையும் ஐந்து மணி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

சுருங்கவில்லையா? அப்படியானால் தயவுசெய்து படிக்கட்டில் நிற்காதீர்கள். பெட்டியோடு ஓர் அம்மா ஏற வேண்டியிருக்கிறது. கொஞ்சம் உள்ளே நவ்வுங்க.