அக்மராலின் கால் கயிறு

"நொண்டி நடக்கிறவர் அறுத்தா என் பொண்ணும் நொண்டுவா. இதைச் சொன்னா நான் கெட்டவளா?"

"மெதுவாப் பேசு சோல்பொன். அப்பா பக்கத்து ரூம்ல இருக்காரு."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். நீதான் கத்துற."

"இவ பொறந்த அன்னிக்கே மாமாதான் அறுக்கணும்னு சொன்னது யாரு? நீதானே?"

"அப்ப அவர் நல்லா நடந்தாரு அஸ்கத்."

சமையலறையில் எண்ணெயில் பொரிக்கும் போர்சோக் ரொட்டிக்கு மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த மேரிமுக்கு மகனும் மருமகளும் பேசியது அத்தனையும் கேட்டது. நாளைக்குப் பேத்தி அக்மராலுக்குக் கால் கயிறு அறுக்கும் விருந்து. முதல் அடி வைத்த பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் சேர்த்துக் கட்டுவார்கள். அதை ஒருவர் கத்தியால் அறுத்து, கையைப் பிடித்து நடத்த வேண்டும். அறுக்கிறவரின் நடை பிள்ளைக்கு வரும். நாரின் ஊரில் இதை யாரும் வாதம் பண்ணிப் பார்ப்பதில்லை.

மேரிமின் கணவர் எசென் ஒரு காலத்தில் விறுவிறுவென்று நடக்கிறவர். போன இலையுதிர் காலத்தில், நாற்பத்தொன்பதாவது வயதில், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கண்ட வயது அது. போட்டிருந்த சட்டையை யாருக்காவது கொடுத்திருந்தால் தப்பியிருப்பார் என்று பக்கத்து வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.

டாக்டர் எவ்வளவு சொல்லியும் கட்டிலை விட்டு அசையாத மனுஷர், "பிள்ளைக்குக் கயிறு அறுக்கணும்ல" என்று ஒருநாள் தானாக எழுந்தார். குளிர்காலம் முழுக்கத் தாத்தாவும் பேத்தியும் ஒரே கூடத்தில், ஒரே சுவரைப் பிடித்து நடை பழகினார்கள். அந்தக் கயிறும் இல்லையென்று ஆனால் அவர் மறுபடி கட்டிலோடு கட்டிலாகிவிடுவார் என்பதுதான் மேரிமின் பயம்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அக்மரால் ஒரு மூலையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

சோல்பொன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொல்லுங்க அத்தை. காலேஜ்ல மனுஷ வளர்ச்சி பாடம் நடத்துறவங்க நீங்க. இதெல்லாம் மூடநம்பிக்கைனு சொல்லுவீங்க."

"வகுப்புல சொல்லுவேன். நீ நடை பழகினப்ப நொண்டுற ஒருத்தர் கயிறு அறுக்க வந்திருந்தா நானும் பயந்திருப்பேன்" என்றவள் தன் பேச்சு தடுமாறியதை உணர்ந்து சிரித்தாள். "நீயில்ல, இவன். அஸ்கத். பயத்துல நாக்கு குழறுது எனக்கு."

கதவு திறந்தது. எசென் கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். 

"ஏம்மா, சண்டை போடுறதுன்னா கொஞ்சம் சத்தமாப் போடுங்க. பாதி விளங்க மாட்டேங்குது" என்றார். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுத்தது. "உன் தம்பி குஸ்தி வீரன்தானே? அவனையே கூப்பிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

சொல்லும்போது அவர் சோல்பொன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை மேரிம் கவனித்தாள்.

தாத்தா குரலைக் கேட்டதும் அக்மரால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கம்பளத்தின் விளிம்பு தடுக்கிக் குப்புற விழுந்தாள். சோல்பொன் தூக்கப் பாய்ந்தாள். அஸ்கத் மனைவியின் தோளைப் பிடித்து நிறுத்தினான். எசெனால் குனிய முடியாது. அவர் சும்மா நின்றார். 

பிள்ளை அழவில்லை. தாத்தாவை ஒருமுறை பார்த்தாள். இடது கையைத் தரையில் ஊன்றினாள். ஒரு முட்டியை இழுத்து வைத்து, அதன் மேல் கையை அழுத்தி, கிழவர் மாதிரி "ஊஃப்" என்று ஊதிவிட்டு எழுந்து நின்றாள். 

அஸ்கத் சிரித்துவிட்டான். "அப்படியே அப்பா."

"இவ எப்பவும் இப்படித்தான் எழுந்திரிப்பா" என்றாள் சோல்பொன் மெதுவாக. "எங்கேர்ந்து கத்துக்கிட்டானு யோசிச்சிருக்கேன்."

சோல்பொன் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த கம்பள நூலை எடுத்தாள். 

"மாமா, கத்தியை வலது கையில பிடிக்க வருமா?"

"வராது. இடது கைதான்."

"அறுத்துட்டு நீங்களே இவளைக் கொஞ்ச தூரம் நடத்தணும். பாதியில நிக்கக் கூடாது."

"விழுந்தா?"

"எழுந்திரிச்சு வாங்க."

மறுநாள் முற்றத்தில், விருந்து வழக்கப்படி நடந்த பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம் முடிந்து தூசி அடங்கிய பிறகு எசென் நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இறைச்சி ஆறிவிட்டது. ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பேத்தியின் கால் கயிற்றில் கத்தியை வைத்தார். முதல் தடவை கத்தி வழுக்கியது. சோல்பொன் குனிந்து நூலை இழுத்துப் பிடித்தாள். இரண்டாவது தடவை அறுந்தது. எழுந்து, கோலை மேரிமிடம் கொடுத்துவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வேலி வரைக்கும் போனார். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

சோல்பொன் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் கத்தியை யாரிடம் கொடுத்திருப்பீர்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளை விழுந்து எழுவதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? தெரிந்தால் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.