தகரம் கேட்ட முள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கேட்கும்போது கோபம் வந்தால் அடக்க வேண்டாம். இது கோபப்பட வேண்டிய கதைதான். தோளில் முள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளை எல்லோரும் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகுமுன்பே டப்பாவைத் தட்டியவள். வளர்ந்து டிரம் வாசிக்கக் கற்றாள். பல வருஷம் ஒரு பாட்டுக்குழுவில் அடுத்தவர்களின் டிரம்மைத் தூக்கி, அடுக்கி, துடைத்து வைத்தாள். அந்தக் குழு ஒருவழியாக அவளையே மேடையில் உட்கார வைக்கச் சம்மதித்தது. மேடையேறும் நாளில் தன் கறுப்புத் தோல் ஜாக்கெட்டின் தோளெல்லாம் உலோக முள் நிற்க வேண்டும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அவளுடைய அக்காவுக்கும் அத்தானுக்கும் அதுதான் தொழில். ஜாக்கெட், பெல்ட், பை என்று எதைக் கொடுத்தாலும் உலோகக் குமிழும் முள்ளும் பதித்துத் தரும் கடை. வேலை அக்காவுடையது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவது அத்தானுடையது.

தகரம் ஒரு மதியம் முழுக்க நின்று பொறுக்கினாள். ஒவ்வொரு முள்ளையும் கண்ணாடி மேசைமேல் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். செத்த சத்தம் போட்டதெல்லாம் முலாம் பூசிய பிளாஸ்டிக், தள்ளிவிட்டாள். கணீரென்றது பித்தளை.

"ஏன்டி, முள்ளு வாங்க வந்தியா, கச்சேரி பண்ண வந்தியா?" என்றாள் அக்கா.

"சத்தமில்லாதது எனக்கு எதுக்குக்கா?"

நீளமானது தோளின் பின்பக்கத்துக்கு, குட்டையானது முன்பக்கத்துக்கு. கை மடங்கும் இடத்தில் ஒன்றும் வேண்டாம், குச்சியை ஓங்கும்போது இழுக்கும். மினுமினுப்பும் வேண்டாம். எல்லாமே தோலில் ஓட்டை போட்டு உள்ளேயிருந்து திருகி முடுக்கும் வகை. பொறுக்கியதைக் கிண்ணத்தில் போட்டு, ஜாக்கெட்டில் சாக்பீஸால் இடமும் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கச்சேரியன்று சாயங்காலம் வந்து பார்த்தால், தோளெல்லாம் பூ. தகட்டுப் பூ, நடுவில் ரோஸ் கல்.

அத்தான் பாராட்டுக்காகக் காத்து நின்றார். "எப்படி இருக்கு? நானே பதிச்சேன். உங்க அக்கா கையே வைக்கல."

"நான் பொறுக்கி வச்சது எங்க அத்தான்?"

"தட்டுல திருப்பிப் போட்டுட்டேன். பொம்பளப் புள்ள தோளெல்லாம் முள்ளு வச்சுக்கிட்டு உக்காந்தா, நாளைக்கு ஒருத்தன் பக்கத்துல வருவானா?"

"வர வேண்டாம்னுதான் முள்ளு கேட்டேன்."

"வாய் மட்டும் குறையல. உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

"பூ வேணும்னா உங்க தோள்ல வச்சுக்கங்க! இது என் தோளு!"

குறடு ஒன்றை எடுத்து ஒரு பூவைப் பிடுங்கினாள். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் நாலு கால் உண்டு. தோலைக் கிழித்து உள்ளே போய் மடங்கிக்கொள்ளும். பூ வந்தது, நாலு கிழிசல் நின்றது. துணியாக இருந்தால் தைத்து மறைக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். அந்த இடத்தில் ஒரு முள்ளைத் திருகிப் பார்த்தாள். கிழிசல்கள் ஒன்றுசேர்ந்து, முள் மறுபக்கம் பொத்தென்று விழுந்தது.

அவள் கண்ணில் நீர் வந்தது. அழுகையில்லை, ஆத்திரம்.

பெல்ட்டுகளைக் கொடுக்கப் போயிருந்த அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். தங்கையைப் பார்த்தாள், ஜாக்கெட்டைப் பார்த்தாள். அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். உள்துணியைப் பிரித்து, தோலில் மட்டும் பதித்து, மறுபடி தைப்பதுதான் முறை. அத்தானுக்கு அது தெரியாது. துணியோடு சேர்த்தே அடித்திருந்தார். மடங்கிய கால்களெல்லாம் துணிமேல் பல்லிளித்தன.

"இதப் போட்டிருந்தா அவ உடம்பு பூராக் கீறியிருக்கும். நல்லதுக்காம், நல்லதுக்கு!"

அக்கா தரையில் உட்கார்ந்து, குறட்டால் ஒரு காலை முள்போல நிமிர்த்தினாள். நின்றது. அடுத்தது. சில முறிந்தன, பல நின்றன. தகரம் இன்னொரு குறட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், பூவெல்லாம் உள்ள போயிடுமேடி!" என்று பதறினார் அத்தான்.

"போகட்டும். ஆசப்பட்டவரு நீங்க. உள்ளயே பூத்துக்கிட்டு இருக்கட்டும். இத்தன வருஷமா எனக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்தீங்க, வாய மூடிக்கிட்டு இருந்தேன். இவ மேலயும் கைய வைக்காதீங்க."

அத்தான் ஜாக்கெட்டைப் பறிக்கப் பார்த்தார். உள்ளங்கையில் நறுக்கென்று ஏறியது. "ஐயோ!"

"பக்கத்துல வராதீங்க அத்தான்," என்றாள் தகரம்.

தடித்த பனியன்மேல் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் மேடையேறினாள். கறுப்புத் துணியில் கொத்துக் கொத்தாக முள். ஓங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்த பூ தோளை அழுத்தியது. அழுத்த அழுத்த இன்னும் ஓங்கி அடித்தாள். முன்வரிசையில் அக்கா கைதட்டவே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அத்தான் மன்னிப்புக் கேட்டாரா என்பீர்கள். இல்லை. "எப்படியோ, நம்ம கடை வேலையான்னு எல்லாரும் கேட்டாங்கல்ல?" என்றுதான் கேட்டார்.

"கேட்டாங்க. எங்க அக்கா வேலைன்னு சொன்னேன்," என்றாள் தகரம்.

மறுநாள் முதல் கடையில் ஓட்டை போடும் உளியும் சுத்தியலும் அக்காவின் பூட்டுக்குள் இருந்தன. தகரம் அத்தானோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், கேட்டது கேட்டபடி காதில் விழட்டும். உங்கள் பிள்ளைகளின் தோளை அவர்களே ஆளட்டும். அடுப்பு குளிராமல், மனசு வாடாமல், வாசல் நிறைய ஆளோடு நல்லா இருங்கள்.